பிங் எகிறினால் ப்ளானை ஏற்றாதீர்கள், முதலில் பீரோவைப் பாருங்கள்

கோட்டையில் ராஜா இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை, மலையில் மரம் இல்லை என்று எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது: லைன் உண்டு, ஆட்டம் இல்லை. நானும் தம்பியும் ஆன்லைன் கேமில் ஒரே டீமில் இறங்கினால் ஹாலில் உட்கார்ந்திருக்கும் அவனுக்கு 30 மில்லிசெகண்ட் பிங், உள் அறையில் இருக்கும் எனக்கு 180 (பிங் குறைந்தால்தான் ஆட்டம் தடங்காது). ப்ளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200க்கு ஏற்றினேன், அப்பாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் கோளாறு தெருவில் வரும் ஃபைபரில் இல்லை, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்த ரௌட்டருக்கும் என் மேசைக்கும் நடுவே இருந்த இருபத்தைந்து அடியில்தான்.

எல்லாரும் செய்யும் முதல் தவறு இதுதான், ஸ்பீடையும் பிங்கையும் ஒன்றாக நினைப்பது. கேமை டவுன்லோடு செய்யத்தான் ஸ்பீடு வேண்டும். ஆடும்போது பெரும்பாலான கேம்களுக்கு 1 எம்பிபிஎஸ் கூடத் தேவைப்படாது. பிங் என்பது நீங்கள் அனுப்பிய சேதி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், அதைத் தூரமும் வழியில் உள்ள நெரிசலும் தீர்மானிக்கின்றன. ஃபைபரில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், ஆகவே போய்வர 30 மில்லிசெகண்டுக்குக் கீழே எந்த ப்ளானாலும் இறக்க முடியாது, நிஜத்தில் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். வேலோரன்ட்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது, கவுன்ட்டர் ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு கேம் செட்டிங்கில் சிங்கப்பூரைத் தேர்ந்து வைத்துக்கொண்டு கேபிள்காரரைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ping என்று எழுதி முகவரியைப் போட்டு முதலில் உங்கள் ரௌட்டருக்கே பிங் அடியுங்கள், அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ஒயரில் இருந்தால் 1 மில்லிசெகண்டுக்குள் பதில் வரவேண்டும். வைஃபையில் இரண்டு, மூன்று, ஐந்து என்று வந்தால் பரவாயில்லை. 4, 6, 140, 5, 210 என்று குதித்தால் கம்பெனிக்குப் போன் போட்டுப் புண்ணியமில்லை, உங்கள் வீட்டு வைஃபைதான் குற்றவாளி. ரௌட்டர் வரை ஒழுங்காக இருந்து வெளியே கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு அடிக்கும்போது மட்டும் குதித்தால் அப்புறம் வெளியே பார்க்கலாம். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் கேமிங் ரௌட்டர் என்ற பெயரில் எட்டுக் கொம்பு முளைத்த பெட்டியை வாங்குவது எனக்குத் தெரிந்து அநாவசியச் செலவு.

ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபைபர் போட வந்தவர் ஒயர் எந்த ஜன்னல் வழியாக நுழைந்ததோ அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார், நாமும் அப்படியே விட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் ரௌட்டருக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு கான்கிரீட் சுவர், அதை ஒட்டி அம்மாவின் இரும்பு பீரோ. இரும்பைத் தாண்டி சிக்னல் போகாது, பீரோக் கண்ணாடியின் பின்பூச்சும் திருப்பி அடிக்கும். காட்பாடியில் காலேஜ் பசங்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை, மொபைலைத் திறந்தாலே முப்பது வைஃபை பெயர் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், அதில் அத்தனை பேரும் நெருக்கியடித்தால் உங்கள் பாக்கெட், அதாவது நீங்கள் அனுப்பும் சேதித் துண்டு, காத்துக்கிடக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ஆனால் அது சுவரைத் தாண்டுவதில் சோனி. இதற்கு மருந்தாக, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வாங்குவார்கள். சாதா எக்ஸ்டெண்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் ஸ்பீடு பாதியாகும், பிங்கும் ஏறும்.

லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் அதிலும் ஏமாறாமல் இருக்கவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் கேபிளில் பல, அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியவை. கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதை வாங்காதீர்கள். முழுச் செம்பில் கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். நான் வாங்கியது நல்ல கேபிள்தான், ஆனாலும் ஸ்பீடு 95 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை. கேபிள் முனையில் பிளக்கை அழுத்தி மாட்டியவர் எட்டுக் கம்பியில் நாலை மட்டும் மாட்டி மீதியை வெட்டிவிட்டிருந்தார், நாலு கம்பியில் 100 எம்பிபிஎஸ்தான் ஓடும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று இரண்டு முனையிலும் ஒரே வரிசையில் எட்டும் இருக்கவேண்டும். பல லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் ஆக இருந்தாலும் இதே கதை: கேம் விற்கும் தளமான ஸ்டீமில் ஒருவர் இறக்கிய கேமை மற்றவர் வீட்டு நெட்வொர்க்கிலேயே நகல் எடுக்கும் வசதி 2023ல் வந்தது, 100 ஜிபி கேமுக்கு அந்த ஸ்விட்ச்சில் இரண்டேகால் மணி நேரம் ஆகும், கிகாபிட்டில் கால் மணியோடு முடியும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்காதீர்கள், ஆபத்து. மொட்டைமாடி வழியாக எதிர்வீட்டு நண்பனுக்குச் செம்புக் கேபிள் இழுக்கவும் வேண்டாம். நாங்கள் இழுத்தோம். ஐப்பசியில் ஒரு இடி, இரண்டு மதர்போர்டின் லேன் போர்ட்டும் ஸ்விட்ச்சும் ஒரே ராத்திரியில் போயின. வீடு விட்டு வீடு போகவேண்டுமென்றால் ஃபைபர்தான்.

இரண்டு ரௌட்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியே பெரும்பாலும் ஒரு ரௌட்டர்தான். அதன் பின்னால் நீங்கள் இன்னொன்றை, வெளி லைன் நுழையும் வான் (WAN) போர்ட்டில் செருகினால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் உருவாகிவிடும். தம்பி ஒன்றில், நீங்கள் மற்றதில். வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே ஆடும் லேன் கேமில் ஒருவர் திறந்த ரூம் மற்றவருக்குத் தெரியாது. புது ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (வைஃபை மட்டும் கொடுக்கும்படி) போடுங்கள், அல்லது அதில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து முகவரியையும் மாற்றிவிட்டு லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்காமல் செருகினால் இரண்டும் போட்டிபோட்டு முகவரி கொடுத்து, அன்றைக்கு வீட்டில் யாருக்கு நெட் வரும், யாருக்கு வராது என்று சொல்ல முடியாது. கெஸ்ட் வைஃபையில் இணைந்தாலும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, விண்டோஸில் நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று விட்டிருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டையும் பார்த்துவிடுங்கள், ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள்.

மைன்கிராஃப்ட் சர்வர் போட்டு ஆற்காட்டில் இருக்கும் அத்தை பையனைக் கூப்பிட நினைத்து ரௌட்டரில் அதற்கான 25565 போர்ட்டை (வெளியாள் நுழையும் எண்வாசலை) திறந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். ரௌட்டரில் வான் முகவரியைப் பாருங்கள், 100.64 முதல் 100.127 வரை எதிலாவது ஆரம்பித்தால் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது என்று அர்த்தம். தெருமுனை கேட் பூட்டியிருக்கும்போது நம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்? வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டிஎம்இசட்டில் நம் கம்ப்யூட்டரைப் போடச் சொல்வார்கள், இங்கே அதுவும் பலிக்காது, பொது முகவரி உள்ள லைனிலோ உங்கள் கம்ப்யூட்டரை நடுத்தெருவில் நிறுத்திய மாதிரி ஆகிவிடும். மாறாத தனிப் பொது முகவரியான ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற ஒன்றை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டால் காசில்லாமல் வேலை முடியும்.

எல்லாம் சரியாக இருந்தும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிங் தானாக ஏறுகிறதா? யாருடைய போனாவது கல்யாண வீடியோவை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு நிரம்பினால் உங்கள் சின்னப் பாக்கெட்டும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்கும். ரௌட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் (SQM) வசதி இருந்தால் நிஜ ஸ்பீடில் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தி வையுங்கள். இல்லையென்றால் அம்மாவிடம் கெஞ்சவேண்டியதுதான், நான் இன்னமும் கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசியாக, அக்னி நட்சத்திரம். ரௌட்டரைப் பரணில் துணி மூட்டைக்கு நடுவே வைக்காதீர்கள், மே மாதம் இந்த ஊரில் சும்மா இருக்கும் சுவரே கொதிக்கும். மத்தியானம் மட்டும் நெட் விட்டு விட்டு வந்தால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடவும் வேண்டாம், பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் அதில் ஓடும், ரௌட்டர் செருகிய பிளக் அதில் வராது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்துக் கொடுங்கள், வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துவிடுங்கள். நான் முதலில் ரௌட்டருக்கு மட்டும் கொடுத்தேன். கரண்ட் போனதும் வைஃபை முழுசாகக் காட்டியது, ஃபைபர் பெட்டி செத்துக் கிடந்தது.