மவுத்பீஸ் சோதனை: ஸ்டாப் வாட்சைத் தொடுவதற்கு முன்

தொட்டியின் பக்கத் துளையில் மவுத்பீஸ் என்ற குட்டைக் குழாயை மாட்டி, அதன் வழியே எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளப்பதுதான் மவுத்பீஸ் சோதனை. எங்கள் பாலிடெக்னிக் ஹைட்ராலிக்ஸ் லேபில் இந்தச் சோதனை என்றால் பிள்ளைகள் முதலில் தேடுவது ஸ்டாப் வாட்சை. அது கடைசி வேலை.

மவுத்பீஸை முதலில் அளந்துகொள்ளுங்கள். விட்டம் 20 மி.மீ. என்றால் நீளம் 50 முதல் 60 மி.மீ. வேண்டும். பிறகு வாஷர் போட்டு இறுக்கமாக மாட்டுங்கள்.

அடுத்தது ஹெட், அதாவது தொட்டி நீர்மட்டத்தின் உயரம். அதை மவுத்பீஸின் மையத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும். தொட்டி மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயின் ஸ்கேலில் பூஜ்யம் அங்கே இல்லையென்றால் வித்தியாசத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். வால்வைத் திருகி, நீர்மட்டம் 50 செ.மீ.யில் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள்.

இப்போது குனிந்து தண்ணீர் விழுவதைப் பாருங்கள். தாரை குழாய்ச் சுவரைத் தொடாமல், கண்ணாடிக் கம்பி மாதிரி வழவழவென்று வந்தால் குழாய் மாட்டியும் பயனில்லை. வெறும் துளையில் வருகிற அளவுதான் வரும். உள்ளங்கையால் மவுத்பீஸின் வாயை ஒரு கணம் அடைத்துவிட்டுக் கையை எடுங்கள். தாரை தடித்து, சற்றுக் கலங்கி, விளிம்பு முழுக்க ஒட்டி வரும். சரி, இனி வாட்சை எடுக்கலாம்.

50 செ.மீ. சதுரக் கலெக்டிங் டேங்கில் மட்டம் 10 செ.மீ. உயர்ந்தால் 25 லிட்டர். மவுத்பீஸின் பரப்பையும் ஹெட்டையும் வைத்துப் போடும் சூத்திரப்படி வினாடிக்கு 0.98 லிட்டர் வர வேண்டும். குழாய் நிரம்பி ஓடினால் டேங்க் சுமார் 31 வினாடியில் ஏறும், குணகம் (உண்மையில் வந்த அளவு, சூத்திர அளவில் எத்தனை பங்கு என்பது) 0.82. ஒட்டாமல் ஓடினால் 41 வினாடி ஆகும், குணகம் 0.62தான்.

"குழாய் போட்டால் உராய்வுதானே கூடும், தண்ணீர் எப்படி அதிகம் வருகிறது?" வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதைக் கேட்காத எக்ஸாமினரை நான் பார்த்ததில்லை. நுழைந்த உடனே தாரை சுருங்கும்; அங்கே அழுத்தம் காற்றழுத்தத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதனால் தொட்டி நீர் கூடுதல் வேகத்தில் உள்ளே இழுக்கப்படுகிறது. அதன் பிறகு தாரை விரிந்து குழாயை நிரப்பிக்கொண்டு வெளியேறுகிறது. அந்தச் சுருங்கிய இடத்தில் பக்கத்துளை உள்ள மவுத்பீஸ் இருந்தால், ஒரு டியூபை மாட்டி மறுமுனையை மை கலந்த நீரில் விடுங்கள். ஹெட்டில் சுமார் முக்கால் பங்கு, அதாவது 37 செ.மீ. அளவுக்கு மை நீர் மேலே ஏறும். இதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியில் பயம் வராது.

டியூபைக் கழற்றியதும் துளையை அடைத்துவிடுங்கள். காற்று புகுந்தால் அந்த உறிஞ்சல் போய்விடும், குணகமும் இறங்கிவிடும்.