கேரவன் டேஷ்போர்டு பேனலைக் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரவன் வண்டியின் டேஷ்போர்டு பேனல் உடைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. அதை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே இழுத்துவிடுகிறோம். ரிவர்ஸ் கேமராவுக்குத் திரை பொருத்துவதற்காகக் கழற்றினாலும், ஏசி துவாரத்துக்குப் பின்னால் வரும் கடகடச் சத்தத்தைத் தேடிக் கழற்றினாலும் இதுவே நடக்கிறது. சாதாரணக் காரில் பேனல் உடைந்தால் புதியதை வாங்கி மாட்டிவிடலாம். கேரவனில் அது எளிதல்ல. வேனைக் கேரவனாக மாற்றும் பாடி பட்டறைக்காரர்கள் கூடுதல் சுவிட்சுகளுக்காக அசல் பேனலில் துளை வெட்டியிருப்பார்கள், அல்லது பிளைவுட்டை அளவுக்கு அறுத்து ரெக்ஸின் ஒட்டித் தாங்களே ஒரு பேனல் செய்திருப்பார்கள். அப்படிச் செய்ததற்கு ஸ்பேர் கிடையாது. தேசிய நெடுஞ்சாலை 44-உம் 66-உம் வந்து முடிகிற கன்னியாகுமரிக்கு வருகிற வெளிமாநில வண்டி என்றால், அதைக் கட்டிய பட்டறையே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். எனவே உடையாமல் கழற்றுவது ஒன்றுதான் வழி.

பேனல் அசையவில்லை என்றால் கூடுதல் பலம் தேவை என்று நினைப்பது முதல் தவறு. எங்கோ ஒரு ஸ்குரூ இன்னும் இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். வண்டி செய்பவர்கள் ஸ்குரூக்களைக் கண்ணில் படாத இடங்களில் வைப்பார்கள்: நாணயம் போடும் தட்டில் விரித்திருக்கும் ரப்பர் விரிப்புக்கு அடியில், சிறிய சதுர மூடிகளுக்குப் பின்னால், கையுறைப் பெட்டியைத் திறந்தால் மட்டும் தெரியும் மேல் விளிம்பில், மீட்டருக்கு மேலிருக்கும் வளைவின் உட்பக்கத்தில். கேரவனாக மாற்றியவர்கள் இவற்றோடு தங்கள் பங்குக்கும் சில ஸ்குரூக்களை அடித்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கக்கூடும். விரல் நுனியால் ஸ்டிக்கரை அழுத்திப் பார்த்தால் கீழே குழி இருப்பது தெரியும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பேனலின் விளிம்பு முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிறகு மெதுவாக அசைத்து, எந்த மூலை நகர்கிறது, எந்த மூலை இறுகி நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். இறுகி நிற்கும் மூலைக்கு அருகில்தான் தேட வேண்டிய ஸ்குரூ இருக்கும். ஒரு பேனலின் விளிம்பு இன்னொன்றுக்கு அடியில் செருகப்பட்டிருந்தால், மேலே இருப்பதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் செருகியிருக்கும் நாக்கு முறிந்துவிடும்.

திருப்புளியிலும் கவனம் தேவை. நம் ஊரில் ஸ்டார் திருப்புளி என்றால் நான்கு முனை கொண்டதையே குறிக்கிறோம். ஐரோப்பிய வேன்களில் ஆறு முனை கொண்ட டார்க்ஸ் ஸ்குரூக்கள் நிறைய இருக்கும். அதில் நான்கு முனைத் திருப்புளியை வைத்து அழுத்தித் திருப்பினால் தலை தேய்ந்துபோகும், அதன் பிறகு டிரில் போட்டு எடுப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

மின்சார விஷயத்தில் கேரவன்காரர்கள் செய்கிற தவறு ஆபத்தானது. என்ஜின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டால் எல்லாம் அணைந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். கேரவனில் விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனியாக இன்னொரு பேட்டரி உண்டு, கூரையில் சோலார் தகடும் இருக்கலாம். டேஷ்போர்டில் பின்னாளில் பொருத்தப்பட்ட சுவிட்சுகளுக்கும் சார்ஜிங் சாக்கெட்டுகளுக்கும் மின்சாரம் அந்த இரண்டாவது பேட்டரியிலிருந்து வந்துகொண்டிருக்கும். அந்த ஒயர் பேனலுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் உரசினால் பியூஸ் போகும், பியூஸ் இல்லாமல் இழுத்திருந்தால் ஒயரே எரியும். எனவே முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, சோலார் இணைப்பைத் துண்டித்து, அதன் பிறகு இரண்டு பேட்டரிகளின் நெகட்டிவ் முனைகளையும் கழற்ற வேண்டும். சோலாரைப் பேட்டரிக்கு முன்பே துண்டிப்பதற்குக் காரணம் உண்டு: பேட்டரி இல்லாமல் வெயிலில் தகடு மட்டும் இணைந்திருந்தால், பேட்டரிக்குப் போகும் சோலார் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் கெட்டுப்போகக்கூடும்.

ஏர்பேக் உள்ள வண்டியில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பின்பும் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டில் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும், ஆகவே வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரை கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். மஞ்சள் நிறக் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் சொருகியை) பார்த்தால் அது ஏர்பேக்கினுடையது என்று கொள்ளலாம். அதில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதோ, அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புவதோ கூடாது. சாவியைத் திருப்பிவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும், வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்துத்தான் அதை அணைக்க முடியும். கழற்ற வேண்டிய பேனலிலேயே ஏர்பேக் இருந்தால் அந்த வேலையை அதில் பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

குமரி மாவட்டத்தின் காற்றும் வெயிலும் இந்த வேலையோடு நேரடியாகத் தொடர்புடையவை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் நாள் கணக்கில் நிற்கும் வண்டிக்குள் உப்புக் காற்று புகுந்து, பேனலைப் பிடித்திருக்கும் இரும்பு ஸ்பிரிங் கிளிப்புகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் என்பதால் ஈரம் காய்வதற்குக் கிடைக்கும் இடைவெளியும் குறைவு. துருப்பிடித்த கிளிப் தன் துளையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதைப் பொருட்படுத்தாமல் இழுத்தால் கிளிப் அங்கேயே நிற்க, அதைத் தாங்கும் பேனலின் பிளாஸ்டிக் தூண்தான் பெயர்ந்து வரும். இதற்காகத் துரு நீக்கும் எண்ணெயைப் பேனல் மேல் தாராளமாக அடிப்பதும் சரியல்ல. குச்சி நுனியில் தொட்டுக் கிளிப்பின் மேல் மட்டும் ஒரு சொட்டு வைத்துச் சிறிது நேரம் பொறுத்திருந்தால் போதும். பெயின்ட் தின்னரைப் பேனலுக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது, ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.

வெயிலைப் பொறுத்தவரை இரண்டு விதமான தவறுகள் நேர்கின்றன. கடற்கரை வாகன நிறுத்தத்தில் நண்பகல் முழுவதும் நின்ற வண்டியின் டேஷ்போர்டு தொட முடியாத அளவுக்குச் சூடாகி, மேல்தோல் இளகியிருக்கும். அந்த நேரத்தில் நெம்பினால் கருவியின் முனை பதிந்த தடம் நிரந்தரமாக நின்றுவிடும். அதே வெயிலைப் பல ஆண்டுகள் வாங்கிய பிளாஸ்டிக்கோ உள்ளூர வறண்டு, சிறிது வளைத்தாலே வெள்ளைக் கோடு விழுந்து பிளந்துவிடும். ஆகவே வண்டியை நிழலில் நிறுத்திக் காலை நேரத்தில் தொடங்குவது நல்லது. பழைய பேனல் விறைப்பாகத் தோன்றினால் கிளிப் இருக்கும் இடத்தில் முடி உலர்த்தும் கருவியால் வெதுவெதுப்பாகும் அளவுக்கு மட்டும் சூடு காட்டலாம்.

நெம்புவதற்கு இரும்புத் திருப்புளியைப் பயன்படுத்துவதுதான் கண்ணுக்குத் தெரிகிற பெரும்பாலான கீறல்களுக்குக் காரணம். பேனலை நெம்புவதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் பட்டைகள் விலை அதிகமில்லாதவை. அவை கிடைக்காதபோது தட்டையான முனைக்கு இன்சுலேஷன் டேப்பைப் பல சுற்றுச் சுற்றி, பக்கத்துப் பேனலின் விளிம்பிலும் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். கிளிப்புக்கு மிக அருகில் பட்டையைச் செருகி நெம்பினால் கிளிப் விடுபடும், இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் நெம்பினால் பேனல்தான் வளையும். ஒரு கிளிப் விட்டவுடன் அடுத்த கிளிப்புக்கு நகர வேண்டுமே தவிர, திறந்த முனையைப் பிடித்து மொத்தமாக உரிக்கக் கூடாது.

பேனல் விடுபட்ட மகிழ்ச்சியில் அதை மடிக்கு இழுத்துவிடுவதும் நடக்கிறது. பின்னால் அபாய விளக்கு சுவிட்சின் ஒயரும் சார்ஜிங் சாக்கெட்டின் ஒயரும் அதோடு கட்டுண்டிருக்கும். கை நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கி, கப்ளரின் லாக்கை விரலால் அழுத்தி, கப்ளரையே பிடித்துக் கழற்ற வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் இருக்காது.

மரம்போல் தோற்றமளிக்கும் அலங்காரப் பட்டைகளுக்குப் பெரும்பாலும் ஸ்குரூ இருக்காது, இரட்டைப் பக்க டேப்தான். கொஞ்சம் சூடாக்கி, தூண்டிலுக்குப் பயன்படுத்தும் நைலான் நரம்பை விளிம்புக்கு அடியில் செலுத்தி இரு கைகளாலும் அறுப்பதுபோல் இழுத்தால் பட்டை வளையாமல் வரும்.

திரும்ப மாட்டும்போது ஸ்குரூக்களை ஒரே கிண்ணத்தில் போட்டு வைத்ததன் பலன் தெரியும். நீளமான ஸ்குரூவைக் குட்டையானதன் துளையில் திருகினால் அது பேனலின் மேல்பக்கம் புடைத்துக்கொண்டு வரும், அல்லது பின்னால் ஓடும் ஒயரைக் குத்தும். எந்த இடத்து ஸ்குரூ என்று சிறு உறைகளில் எழுதி வைப்பது நல்லது. பிளாஸ்டிக்கில் திருகும் ஸ்குரூவை முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றி, பழைய புரியில் விழுகிற சிறு தட்டலை உணர்ந்த பிறகு வலப்பக்கம் திருப்ப வேண்டும். நேரடியாக முடுக்கினால் புதிய புரி வெட்டப்பட்டுத் துளை தளர்ந்துவிடும். பவர் டிரில்லால் முடுக்குவதைத் தவிர்க்க வேண்டும். பேனலிலிருந்து கழன்று துளையிலேயே தங்கிவிட்ட கிளிப்புகளை எடுத்துப் பேனலில் மாட்டிய பிறகே அழுத்திப் பொருத்த வேண்டும்.

தூண் ஏதாவது முறிந்துவிட்டால் கையில் கிடைத்த பசையைப் பூசாமல், பேனலின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்தை முதலில் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் என்றிருந்தால் இரு கலவை எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். பிபி என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன், சாதாரணப் பசை எதுவும் அதில் நிற்காது. அதற்குச் சால்டரிங் அயர்னால் அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி இணைப்பதோ, பின்புறம் மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்துச் சிறு திருகாணியால் பிடிப்பதோதான் நிலைக்கும். எபாக்ஸி பூசியிருந்தால் ஒரு நாள் முழுவதும் ஆறவிட்ட பிறகே அந்தத் தூணில் ஸ்குரூவைத் திருக வேண்டும்.