ஒளிரும் கோடுகள்: ஃபோட்டோஷாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோட்டோஷாப்பில் கோட்டைச் சுற்றி ஒளிவட்டம் போடும் அவுட்டர் க்ளோவின் சைஸ் ஸ்லைடரை அதன் எல்லையான 250 பிக்சல் வரை இழுத்தாயிற்று. ஆனாலும் கோடு ஒளிர மாட்டேன் என்கிறது. பக்கத்தில் வண்ணப் புகை படிந்த மாதிரி மட்டும் இருக்கிறது. இப்படி மாட்டிக்கொள்ளும்போது கோளாறு பெரும்பாலும் ஸ்லைடரில் இருக்காது. வழக்கமான 8 பிட் படத்தில் வெளிச்சத்தை 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான எண்ணால் குறிக்கிறார்கள்; 255-க்கு மேல் வெளிச்சம் கிடையாது. வெள்ளைச் சட்டையும் 255, டியூப் லைட்டும் 255. ஆகவே ஒரு கோடு விளக்காகத் தெரிய வேண்டுமானால், சுற்றியிருப்பவை போதிய அளவு இருட்டாக இருக்க வேண்டும், அவற்றின் மேல் அந்த விளக்கின் வெளிச்சம் விழவும் வேண்டும். கோட்டுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக்கூடப் பலர் சுற்றுப்புறத்துக்குக் கொடுப்பதில்லை. கீழே வரும் தவறுகளில் பலவும் இதிலிருந்து கிளைப்பவைதான். நான் ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன். ஜிம்ப்பிலும் மொபைல் ஆப்களிலும் மெனு பெயர் மாறும், கணக்கு ஏறக்குறைய இதேதான்.

பகல் படத்தில் ஒட்டிய வெளிச்சம்

க்ளோவுக்கு வழக்கமாகப் போடுவது ஸ்கிரீன் மோடு, அதாவது மேல் லேயரைக் கீழே இருப்பதோடு கலந்து வெளிச்சமாக்கும் முறை. அது என்ன செய்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். க்ளோவின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். கீழே பின்னணி 20 என்றால் விளைவு 112. பின்னணி 128 என்றால் 178. பின்னணி 220 என்றால் 234. இருட்டில் 92 படி ஏற்றிய அதே க்ளோ, வெளிர் சுவரின் மேல் 14 படிதான் ஏற்றுகிறது. முழு வெள்ளையின் மேல் ஒன்றுமே நடக்காது. மதிய வெயிலில் எடுத்த படத்தில் கோட்டை வரைந்துவிட்டு க்ளோவைக் கூட்டிக்கொண்டே போவது, பட்டப்பகலில் டார்ச் அடிப்பது மாதிரி.

எனவே முதல் வேலை பின்னணியை இறக்குவது. கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று போட்டு வெளிச்சப் பகுதிகளை நன்றாக அழுத்துங்கள், சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) கொஞ்சம் குறையுங்கள். நிழல்களில் லேசாக நீலம் ஏற்றினால் இரவு வந்துவிடும். தரையில் வெயில் நிழல் கூர்மையாக விழுந்திருக்கும் படத்தை மட்டும் இரவாக்க முயலாதீர்கள். அந்த நிழல் எப்படியும் காட்டிக்கொடுக்கும். மேகமூட்டத்திலோ நிழலிலோ எடுத்த வேறு படத்தைத் தேடுவது நேர மிச்சம்.

எந்த விளக்கைப் போலச் செய்கிறோம்?

இதை முடிவு செய்யாமல் பென் டூலைக் கையில் எடுப்பது அடுத்த தவறு. நியான் குழாய் என்றால் அது கண்ணாடிக் குழாய். ஒரே தடிமன், முனை மெலியாது. 1910-இல் பாரிஸில் ஜார்ஜ் க்ளோட் காட்டிய நியான் விளக்கு செந்நிற ஆரஞ்சு. அதுதான் நியான் வாயுவின் நிறம். விளம்பரப் பலகைகளில் பார்க்கும் நீலம் ஆர்கானும் பாதரசமும் சேர்ந்து தருவது. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் குழாய் தொடர்ந்து போகும் இடத்தில் வெளிச்சம் தெரியாமலிருக்கக் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்தக் கறுப்புத் துண்டையும் வரைந்து பாருங்கள், போர்டு நிஜமாகிவிடும்.

இருட்டில் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, கையில் விளக்கைப் பிடித்து அசைத்தால் கிடைக்கும் கோடு வேறு ஜாதி. 1949-இல் ஜோன் மிலி எடுத்த படங்களில் பிக்காசோ காற்றில் சிறு விளக்கால் ஓவியம் வரைகிறார். இத்தகைய கோட்டில் கை வேகமாகப் போன இடம் மங்கும், வளைவில் கை நிதானித்த இடம் பிரகாசிக்கும், ஏனென்றால் அங்கே ஃபிலிம் அதிக நேரம் வெளிச்சம் வாங்கியிருக்கிறது. ஆடும் பெண்ணைச் சுற்றி ஓடும் ஒளிக்கோடு வேண்டுமென்றால் இதைத்தான் பின்பற்ற வேண்டும். நடைமுறையில் பார்ப்பதோ, நியானின் ஒரே தடிமனும் முனையில் மட்டும் கூர்மையும் கலந்த ஒரு குழப்பம். வளைவுகளில் கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி, நேராக ஓடும் இடங்களில் மாஸ்க்கில் (லேயரின் பகுதிகளை மறைக்கும் திரையில்) சாம்பல் பிரஷ் வைத்து மங்கலாக்கினாலே போதும்.

கோட்டை இழுக்கும்போது

பென் டூலால் பாத்தை (கோடு போகும் வழியை) வரைந்து, அதன் மேல் பிரஷ்ஷை ஓட்டும் ஸ்ட்ரோக் பாத் கொடுக்கிறோம். பேனாவின் அழுத்தம் போலக் காட்டும் ‘சிமுலேட் பிரஷர்’ டிக் செய்தும் முனை மெலியவில்லை என்று குறைபடுபவர்கள் அநேகம். பிரஷ் செட்டிங்ஸில் ஷேப் டைனமிக்ஸுக்குப் போய், சைஸ் ஜிட்டரின் கீழே கண்ட்ரோலை ‘பென் பிரஷர்’ என்று வைத்தால்தான் அது வேலை செய்யும். அங்கே இருக்கும்போதே ஸ்பேசிங்கையும் (பிரஷ் தடங்களின் இடைவெளியை) பார்த்துவிடுங்கள். 25 சதவீதத்தில் விட்டால் கடினமான பிரஷ்ஷின் ஓரம் மணி கோத்தது போலக் கரடுமுரடாகும். 5-க்குக் கீழே இறக்குங்கள். பென் டூல் மேல்பட்டையில் ‘ஷேப்’ என்று இருந்தால் கோட்டுக்குப் பதில் நிரப்பிய வடிவம் வரும், அதை ‘பாத்’ ஆக்க வேண்டும். இவையெல்லாம் சின்ன விஷயம், ஒருமுறை தெரிந்தால் போதும்.

கோட்டுக்கே அடர் நிறம் கொடுப்பது

சிவப்பு ஒளி வேண்டும் என்றதும் கோட்டையே 255, 0, 0 (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களின் மதிப்பு) என்று அடித்துவிடுகிறோம். விளைவு, ஸ்டிக்கர் மாதிரி ஒரு தட்டைச் சிவப்புக் கோடு. பளீரென்ற விளக்கைப் படம் எடுத்தால் அதன் நடுப்பகுதி சென்சாரின் மூன்று சேனல்களையும் நிறைத்து வெள்ளையாகப் போய்விடும். நிறம் விளிம்பிலும் அதைச் சுற்றிய வட்டத்திலும்தான் தெரியும். ஆகவே கோட்டின் நடு கிட்டத்தட்ட வெள்ளை, அதை ஒட்டி வெளிர் நிறம், வெளியே போகப் போக அடர் நிறம் என்று அடுக்குங்கள்.

க்ளோ நிறத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சுத்தச் சிவப்பின் மேல் சுத்தச் சிவப்பை ஸ்கிரீனில் எத்தனை முறை அடுக்கினாலும் அது 255, 0, 0-வாகவே நிற்கும், ஏனென்றால் பச்சையிலும் நீலத்திலும் ஏற ஒன்றுமில்லை. அதற்குப் பதில் 255, 70, 40 எடுங்கள். இரண்டு அடுக்கில் 255, 121, 74 ஆகும். நான்கு அடுக்கில் 255, 184, 126. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் தானாகவே வெள்ளையை நோக்கி நகரும். கண் எதிர்பார்ப்பது அதைத்தான். நீலம், பச்சை எதுவானாலும் சரி, எந்தச் சேனலையும் பூஜ்யத்தில் விடாதீர்கள்.

ஒரே க்ளோவில் முடித்துவிடுவது

நிஜ ஒளியின் வட்டம் விளக்கை ஒட்டிச் சட்டென்று இறங்கி, அப்புறம் நெடுந்தூரம் மெலிதாக நீளும். ஒற்றை அவுட்டர் க்ளோ இந்த இரண்டையும் சேர்த்துத் தராது. கோட்டு லேயரை மூன்று நான்கு முறை நகலெடுத்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி, காஸியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) 3, 12, 40, 120 பிக்சல் என்று கொடுத்து, பெரிய பிளருக்குக் குறைந்த ஒபாசிட்டி (லேயர் தெரியும் அளவு) வைத்து ஸ்கிரீனிலோ லீனியர் டாட்ஜிலோ போடுங்கள். லீனியர் டாட்ஜ் நேராகக் கூட்டல் போடும், சீக்கிரம் வெள்ளையில் முட்டும். ஸ்கிரீன் நிதானமானது. அவுட்டர் க்ளோ போன்ற லேயர் ஸ்டைலையே நம்புவதென்றால் அதிலுள்ள ஸ்ப்ரெட்டைத் தொடாதீர்கள். அது கூடக் கூட க்ளோ ஒரு பார்டராக இறுகிவிடும். கலர் டாட்ஜ் போடும்போது ஒபாசிட்டியையும் ஃபில்லையும் தனித்தனியே மாற்றிப் பாருங்கள். அந்த மோடில் இரண்டும் வேறு வேறு விளைவு தரும், ஃபில்லைக் குறைத்தால் வருவது பெரும்பாலும் அழகாக இருக்கும்.

இன்னொன்று, லேயர் ஸ்டைலின் அளவு பிக்சலில் நிற்பது. ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் கோட்டை இருமடங்கு பெரிதாக்கினால் க்ளோ பழைய அளவிலேயே சுருங்கிக் கிடக்கும். ‘ஸ்கேல் எஃபெக்ட்ஸ்’ கொடுங்கள், இல்லையென்றால் முன்னாலேயே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்குங்கள்.

உடலுக்குப் பின்னால் போகும் இடம்

கோடு இடுப்பைச் சுற்றிப் பின்னால் போய் மறுபக்கம் வர வேண்டும். மாஸ்க் போட்டு உடலுக்கு மேல் இருக்கும் துண்டை மறைக்கிறோம். உடனே ஒரு விநோதம்: வெட்டிய இடத்தில் கோட்டின் முனையைச் சுற்றிப் புதிதாக ஒரு க்ளோ முளைத்து, சேலையின் மேல் வழிகிறது. லேயர் ஸ்டைல் மாஸ்க் போட்ட பிறகு மிஞ்சும் வடிவத்தைப் பார்த்துத்தான் க்ளோவை வரைகிறது, அதனால் வெட்டு விளிம்பும் அதற்கு ஒரு விளிம்புதான். பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் ‘லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ்’ என்பதை டிக் செய்தால் சரியாகும். அல்லது லேயரை ஒரு குரூப்பில் போட்டு மாஸ்க்கை குரூப்புக்குக் கொடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் கத்தியால் வெட்டியது போல நறுக்கிவிடக் கூடாது. கண்ணைக் கூசும் விளக்கு ஒரு உருவத்துக்குப் பின்னால் இருந்தால், லென்ஸுக்குள் சிதறும் ஒளி அந்த உருவத்தின் விளிம்புக்கு மேலும் கொஞ்சம் படரும். நடுக்கோட்டை மட்டும் கூர்மையாக வெட்டுங்கள்; அகலமான பிளர் லேயர்களின் மாஸ்க்கை மென்மையான பிரஷ்ஷால் தடவி விடுங்கள். என் பார்வையில், நல்ல வேலையையும் அவசர வேலையையும் பிரித்துக் காட்டும் இடம் இதுதான்.

யார் மேலும் விழாத வெளிச்சம்

கோடு தகதகக்கிறது, பக்கத்தில் நிற்பவரின் கன்னத்திலோ கையிலோ ஒரு துளி நிறம் இல்லை. அப்போது அது படத்தின் மேல் ஒட்டியதாகத்தான் தெரியும். உருவத்தின் லேயருக்கு மேல் ஒரு காலி லேயரை அந்த உருவத்துக்குள் மட்டும் தெரியும்படி கிளிப் செய்து, லீனியர் டாட்ஜோ சாஃப்ட் லைட்டோ வைத்து, பிரஷ்ஷின் ஃப்ளோவை 5 முதல் 10 சதவீதத்தில் அமைத்து, க்ளோ நிறத்தால் தடவுங்கள். விளக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கும் பரப்பில் மட்டும் தடவ வேண்டும்: தாடையின் கீழ்ப்புறம், விரல்களின் உட்புறம், துணி மடிப்பின் ஒரு பக்கம். மூக்கின் இரு பக்கமும் சமமாக நிறம் ஏறினால் போச்சு. சிறிய பல்பின் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். நீண்ட கோட்டுக்கு அருகிலோ ஏறக்குறைய தூரத்துக்கேற்பத்தான் குறைகிறது. அதனால் நீளக் குழாயின் வெளிச்சம் நினைப்பதைவிடத் தள்ளிப் போகும்; தரையில் அதற்கு இடம் கொடுங்கள்.

வரி வரியாக உடையும் க்ளோ

300 பிக்சல் அகல வட்டம் 40-லிருந்து 0-க்கு இறங்கினால் கிடைப்பது 40 படிகள்தான், ஒவ்வொன்றும் 7 பிக்சலுக்கு மேல் அகலம். அதுதான் இருட்டில் தெரியும் அந்த வளையங்கள். வேலையை ஆரம்பிக்கும்போதே இன்னும் நிறையப் படிகள் உள்ள 16 பிட்டுக்கு மாற்றுங்கள். கடைசியில் க்ளோ லேயர்களின் மேல் 1 சதவீத அளவில் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் வளையங்கள் கலைந்துவிடும்.

தரவிறக்கிய கறுப்புப் பின்னணி ஒளிக்கோடுகளைப் பயன்படுத்துவோர் கறுப்பை மேஜிக் வாண்டால் நீக்கிவிட்டு ஓரத்தில் கறுப்பு விளிம்போடு அல்லாடுவார்கள். நீக்கவே வேண்டாம், ஸ்கிரீனில் போட்டால் கறுப்பு தானே மறையும். மறைந்த பிறகும் படத்தில் ஒரு மெல்லிய செவ்வகம் தெரிகிறதென்றால் அந்த ஜேபெக்கின் கறுப்பு பூஜ்யத்தில் இல்லை என்று அர்த்தம். லெவல்ஸில் கறுப்பு முனையை 10 அல்லது 15 வரை நகர்த்துங்கள்.

தமிழ் எழுத்தில் க்ளோ

ஆங்கில எழுத்துக்குப் பார்த்த பயிற்சி வீடியோவின் எண்களை அப்படியே தமிழுக்குப் போடுவது பெரிய தவறு. நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ணகரத்தின் மூன்று சுழியும் க்ளோவால் நிறைந்து னகரத்தின் இரண்டு சுழியோடு குழம்பும். ‘கீ’யின் சுழி அடைபட்டு ‘கி’ ஆகிவிடும். புள்ளியின் ஒளி கீழே எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ‘க்’ எது ‘க’ எது என்று தெரியாமல் போகும். எழுத்தை ஒட்டிய க்ளோவின் அளவு, இருப்பதிலேயே சிறிய சுழியின் உள் அகலத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய, ஒரே தடிமன் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, எழுத்து இடைவெளியைக் கூட்டுங்கள். அகலமான க்ளோவைத் தனி லேயரில் மங்கலாக வையுங்கள். அப்புறம் படத்தை மொபைலில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, விஷயம் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஃபிளெக்ஸுக்குப் போகும்போது

திரையில் மின்னிய நீலப்பச்சையும் கிளிப்பச்சையும் அச்சின் நான்கு மைகளான சிஎம்ஒய்கே-க்குள் (சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு) அடங்காது, அச்சில் மங்கிவிடும். மஞ்சளும் ஆரஞ்சும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கண்ட்ரோல், ஒய் அழுத்தி, அச்சில் எப்படி வரும் என்று காட்டும் ப்ரூஃப் கலர்ஸில் பார்த்தபடியே நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் குறையும். ஸ்கிரீன், டாட்ஜ் லேயர்களைத் தனித்தனியாக வைத்துக்கொண்டே படத்தை சிஎம்ஒய்கே-க்கு மாற்றினால் கணக்கு மாறி க்ளோ வேறு முகம் காட்டும். முதலில் ஒரு நகல் எடுத்து ஃபிளாட்டன் செய்துவிட்டு (எல்லா லேயரையும் ஒன்றாக்கிவிட்டு) மாற்றுங்கள். பின்னணிக் கறுப்பு வெறும் கே 100-ஆக (கறுப்பு மை மட்டுமாக) இருந்தால் அச்சில் சாம்பலாக வெளுக்கும், அதன் மேல் எந்தக் க்ளோவும் எடுபடாது. எத்தனை சதவீத மை தாங்கும் என்பது மெஷினுக்கு மெஷின் வேறுபடும் என்பதால், பேனர் அடிப்பவரிடமே அவர் பயன்படுத்தும் கறுப்பின் கலவையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கோடும் க்ளோவும் சேரும் ஒரு சாண் துண்டை மட்டும் முதலில் அடித்துத் தரச் சொல்லுங்கள்.