பிரியாவிடைச் சாப்பாட்டைக் கடைசி இரவில் வைக்காதீர்கள்

நான் மட்டக்களப்பான். கொழும்பில் இருந்து வான் ஓடுகிறேன். மதுரை, கோலாலம்பூர், டொரொண்டோ என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்களை ஏற்றித் திருக்கேதீச்சரம், திருக்கோணேச்சரம், கதிர்காமம் எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இறக்கிவிடுவேன். முதல் நாள் முன்சீட்டுக்குச் சண்டை பிடித்தவர்கள் எட்டாம் நாள் ஆளுக்காள் சித்தாலேப வலித்தைலம் தடவிவிடுவார்கள். அப்போதுதான் யாராவது, "எல்லாரும் சேர்ந்து ஒரு சாப்பாடு சாப்பிடுவமே" என்று தொடங்குவார்கள்.

அதைக் கடைசி இரவில் வைக்காதீர்கள். அன்றைக்கு ஒருவர் பெட்டியை நிறுத்துப் பார்ப்பார், ஒருவர் வெள்ளவத்தைச் சேலைக்கடைக்குள் நிற்பார், இன்னொருவருக்கு விடியப்புறம் மூன்று மணிக்குக் கட்டுநாயக்காவில் விமானம். சோறு முன்னால் இருக்கும், மனம் கடவுச்சீட்டில் இருக்கும். அதற்கு முந்தின இரவே முடித்துவிடுங்கள்.

காசையும் அன்று காலையே சேருங்கள். மேசையில் பில் வந்த பிறகு கணக்குப் பார்த்தால் முகம் மாறிவிடும். கையில் மிஞ்சிய இலங்கை ரூபாயை ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்யப்போகிறீர்கள்? தண்ணீர்ப் போத்தலுக்கும் ஓட்டோவுக்கும் எடுத்துவைத்துவிட்டு மீதியை ஒரு பையில் போடச் சொல்லுங்கள்.

இறைச்சி சாப்பிடும் கூட்டம் என்றால் என் தெரிவு சஹன்தான். முஸ்லிம் சாப்பாட்டுக்கடைகளில் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். பெரிய தட்டம் ஒன்றில் மஞ்சள் சோறு, மேலே பொரித்த கோழி, முட்டை, கஜு, ஓரத்தில் அச்சாறு. சுற்றி ஆறு பேர் இருந்து கையால் சாப்பிடுவது. தன் பக்கத்துச் சோற்றில்தான் கை வைக்க வேண்டும், நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். முள்ளுக்கரண்டியோடு வந்த ஒரு கனடாத் தம்பி ஐந்து நிமிடத்தில் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான். படம் எடுப்பதென்றால் சாப்பிடக் கை கழுவும் முன் எடுங்கள். நாட்காட்டியையும் பாருங்கள், போயா என்கிற பௌர்ணமி தினத்தில் இறைச்சிக்கடை பூட்டு.

சைவக்காரர் இருந்தால்தான் கவனம் வேண்டும். ஒருமுறை நானே பிழைவிட்டேன். மதுரை அம்மா ஒருவருக்கு இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வாங்கிக் கொடுத்தேன். சம்பலுக்குள் மாசிக் கருவாடு. இங்கே பல கடைகளில் சம்பலுக்கு மாசி போடுவார்கள், சீனிச் சம்பலுக்கும்தான். சரி, இனிப்பாவது சாப்பிடட்டும் என்று வட்டிலப்பத்தை நீட்டினேன். அதில் முட்டை! அன்றிரவு அவ சாப்பிட்டது வாழைப்பழம் இரண்டு. இப்போது கூட்டத்தில் ஒரே ஒரு சைவம் இருந்தாலும் எல்லாரையும் வெள்ளவத்தைச் சைவக்கடைக்கே கூட்டிப் போகிறேன். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. கடைசியாக, வாங்கி வைத்திருக்கும் எருமைத்தயிரும், கித்துள் மரத்துப் பாகான கித்துள் பாணியும்.

சாப்பிட முன் ஐந்தரை மணிக்குக் காலிமுகத்திடலுக்குப் போங்கள். பொழுது கடலுக்குள் இறங்கும்வரை சும்மா நடக்கலாம். இறால் வடை ஒன்றோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது.

ஓட்டுநரையும் பக்கத்தில் இருத்துங்கள். வாசலில் நிற்கவைத்துப் பார்சல் நீட்டுகிறவர்களும் உண்டு, எனக்கு அது தொண்டையில் இறங்காது.

மிஞ்சியதைக் கட்டிக்கொடுக்கலாம், சொதியை மட்டும் வேண்டாம். அதே மதுரை அம்மா மறுவருடம் திரும்ப வந்து, போகும்போது ஒரு போத்தல் சொதியைக் கைப்பையில் வைத்திருந்தா. சோதனையில் விடமாட்டார்கள் என்றேன். விமான நிலைய வாசலில் வண்டியைப் பிடித்தபடி நின்று, பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியை என்னிடம் தந்தா.