நேர்காணலுக்கான உடை: முதல் நாளே உட்கார்ந்து பாருங்கள்

நேர்காணல் நடப்பது நாற்காலியில். உடை சரியா என்று நாம் பார்ப்பதோ கண்ணாடி முன் நின்றுகொண்டு. நிற்கும்போது கச்சிதமாகத் தெரியும் சட்டை, உட்கார்ந்ததும் வயிற்றுப் பட்டன்களுக்கு நடுவே பிளந்துகொள்ளும். பேன்ட் மேலேறி, குட்டை சாக்ஸுக்கு மேல் வெறுங்கால் தெரியும். அதனால் முதல் நாளே பெல்ட், ஷூ உட்பட எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். குனிந்து பையிலிருந்து ஒரு தாளை எடுங்கள், கை குலுக்குவதுபோல் நீட்டுங்கள். புடவை, சுடிதார், ஸ்கர்ட் எதுவானாலும் இதே சோதனைதான். எதையாவது இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அந்த உடை வேண்டாம்.

சட்டை வாங்கும்போது முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பையும் கை நீளத்தையும் தையல்காரர் எளிதாகக் குறைத்துவிடுவார். தோள் தப்பினால் சட்டையையே பிரித்துத் தைக்க வேண்டும். காலர் பட்டனைப் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். சட்டைக் கை, மணிக்கட்டு எலும்பைத் தொட்டால் போதும். பேன்ட் நீளத்தை ஷூ போட்டபடிதான் அளக்க வேண்டும். அளவு சரியாக இருக்கும் மலிவான சட்டை, தொளதொளவென்ற விலையுயர்ந்த சட்டையை விட எப்போதும் நன்றாகவே தெரியும்.

காட்டன் சட்டையை லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். காலரை நுனியிலிருந்து நடுப்பக்கமாகத் தேய்க்க வேண்டும். மாற்றித் தேய்த்தால் சுருக்கமெல்லாம் நுனியில் போய்ச் சேரும், பார்ப்பவர் கண்ணில் படுவதும் அதுதான். பிறகு தோள், கை, கடைசியாக உடல் பகுதி. கறுப்பு பேன்ட்டை உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தேய்க்காவிட்டால் பளபளப்பு ஏறிவிடும், அது எளிதில் போகாது. தேய்த்த சூட்டோடு போட்டுக்கொண்டால் உடனே கசங்கும், ஹேங்கரில் ஆறவிடுங்கள்.

வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் பட்டையாகத் தெரியும். உங்கள் தோல் நிறத்தை ஒட்டிய பனியன் தெரியாது. புதுக் கோட் என்றால் பின்பிளவில் பெருக்கல் குறிபோல் போட்டிருக்கும் நூலை வெட்டிவிடுங்கள், கையில் தைத்திருக்கும் கம்பெனிப் பட்டையையும்தான். அடிப் பட்டன் எப்போதும் திறந்தே இருக்கட்டும். புது ஷூவைச் சில நாள் வீட்டில் போட்டுப் பழக்குங்கள், இல்லாவிட்டால் குதிகாலில் கொப்புளத்தோடுதான் உள்ளே போவீர்கள். வியர்வையைக் குறைக்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டை முந்தைய இரவே உலர்ந்த தோலில் தடவினால் நன்றாக வேலை செய்யும். செண்ட்டைத் தவிர்ப்பது நல்லது. மூடிய அறையில் அது சிலருக்குத் தலைவலி.

வீடியோ நேர்காணலில் நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலையலையாக நெளியும். வெளிர்நீலம் போன்ற ஒற்றை நிறம் பாதுகாப்பானது.

எவ்வளவு ஃபார்மலாகப் போவது என்று தெரியாவிட்டால், அழைப்பு அனுப்பியவரிடமே கேட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் நேர்காணல் அளவிலேயே உடுத்துங்கள். பிறகு உங்களைப் போலவே அதே வேலையில் இருப்பவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்த்துத் தளர்த்திக்கொள்ளலாம். சுழலும் இயந்திரங்கள் இருக்கும் இடமானால் தொளதொள கை, துப்பட்டா, டை, செயின், மோதிரம் எதுவும் கூடாது. நுனி சிக்கினால் ஆளையே உள்ளே இழுத்துவிடும்.