சீவுளி பிளேட்டை வீட்டிலயே தீட்டுறது எப்பிடி

திருகோணமலையில கடலுக்குக் கிட்ட வீடு எண்டா சீவுளியைக் கொஞ்சநாள் சும்மா வச்சாலே பிளேட்டில கறள் பூத்திடும், உப்புக்காத்து அப்பிடி. கறளோட மொட்டையும் சேந்தா முதிரைப் பலகையில சீவுளி ஓடாது, துள்ளித் துள்ளி நார்நாராப் பிய்க்கும்.

முதல்ல தட்டைப் பக்கத்தைப் பாருங்கோ. கனபேர் அதை விட்டிட்டு சரிவை (நுனிக்குச் சாய்வாத் தேய்ச்ச பக்கத்தை) மட்டும் போட்டுத் தேய்க்கிறவை, ஆனா கூர் எண்டுறது ரெண்டு பக்கமும் சந்திக்கிற இடம்தானே, ஒரு பக்கத்தில கறள் குழி கிடந்தா மற்றப் பக்கத்தை என்ன செய்தும் வேலையில்லை. தடிச்ச கண்ணாடித் துண்டில 400 நம்பர் வோட்டர் பேப்பரை (தண்ணி போட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) தண்ணி தடவி ஒட்டிப் போட்டு அதில தேயுங்கோ. நுனியில ஒரு இஞ்சிக்குள்ள மினுங்கினாப் போதும்.

கிரைண்டர், அதுதான் சுத்துற சாணைக்கல், நுனி உடைஞ்ச பிளேட்டுக்கு மட்டும்தான், வெறும் மொட்டைக்குத் தேவையே இல்லை. சரிவு 25 பாகை, அதை அளக்க ஒண்டும் வாங்க வேண்டாம், பிளேட் 3 மில்லிமீற்றர் தடிப்பெண்டா சரிவின்ர நீளம் 7 மில்லிமீற்றர் வந்தாச் சரி. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கோ, கைக்குக் கிளவுஸ் போடாதேங்கோ, அது கல்லில மாட்டினா விரலையும் இழுத்துக்கொண்டு போயிடும், வெறும் விரலில சூடும் உடன தெரியும். ரெண்டு மூண்டு செக்கன் பிடிக்கிறது, தண்ணியில தோய்க்கிறது, திரும்பப் பிடிக்கிறது. பழகின புதுசில நான் அவசரப்பட்டு அப்பான்ர பிளேட் நுனியை நீலமாக்கிப் போட்டன். நீலம் வந்தா அந்த இடத்தில பதம் போச்சு, ஆற வச்சாலும் திரும்பி வராது, நீலம் முடியும்வரைக்கும் தேய்ச்சுக் கழிக்கிறதுதான் ஒரே வழி. அப்பா ஒரு மாசம் சாமான் பெட்டியைப் பூட்டி வச்சிருந்தவர்.

இனித்தான் உண்மையான தீட்டு. சரிவில மாக்கர் பேனையால கறுப்பாப் பூசிப்போட்டு, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி 30 பாகை அளவில 800 பேப்பரில நாலைஞ்சு தரம் இழுத்துப் பாருங்கோ. நுனியோரத்தில மட்டும் கறுப்புப் போயிருந்தா கோணம் சரி, அடியில போயிருந்தா இன்னும் தூக்கோணும். பிறகு தட்டைப் பக்கத்தில விரலை நுனிப் பக்கமா மெதுவா வழிச்சா சன்னமாப் பிசிறு ஒண்டு தடக்கும். இந்த மூலையில இருந்து அந்த மூலை மட்டும் அது தடக்காம 2000 பேப்பருக்குப் போகாதேங்கோ, அவசரத்தில எல்லாரும் பிழைவிடுற இடம் இதுதான். 2000இலயும் அதேமாதிரி, கடைசியில பிளேட்டைத் திருப்பித் தட்டையா வச்சுப் பிசிறை எடுத்துப்போட்டு பழைய தோல் பெல்ட்டில பத்துத் தரம் பின்பக்கமா இழுங்கோ. முன்னுக்குத் தள்ளினா பெல்ட் வெட்டுப்படும், கூரும் போகும்.

கையில மயிர் வழிச்சுப் பாக்கிறதெல்லாம் படம் காட்டுற வேலை. பைன் துண்டின்ர வெட்டுமுகத்தில (நாரைக் குறுக்கா வெட்டின பக்கத்தில) சீவிப் பாருங்கோ, மினுங்கினாக் கூர், வெள்ளையாத் தூள் கொட்டினா இன்னும் கிடக்கு.

திரும்பப் பூட்டேக்க பிளேட்டுக்கு மேல பூட்டுற தகட்டை பிளேட் நுனியில இருந்து 1 மில்லிமீற்றர் உள்ளுக்கு வையுங்கோ, முதிரை எண்டா இன்னும் கிட்ட. வேலை முடிய தேங்காயெண்ணெய்த் துணியால ஒருக்காத் துடைச்சு வையுங்கோ, மாரி மழைக்க அதைக் கட்டாயம் மறக்காதேங்கோ.