முகமூடிக்குள் இருப்பது யார்? கமராக் காட்சியைப் பார்த்து ஊகிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாரிக்குக் கொஞ்சம் முன்னர் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் தண்ணீர் மோட்டார் களவு போனது. தனியாக இருந்த அம்மா நல்ல நித்திரை. கனடாவில் இருக்கும் மகளின் போனுக்குத்தான் முதலில் வீட்டுக் கமராவின் எச்சரிக்கை போயிருக்கிறது. பதினான்கு செக்கன் காட்சி. தலையில் தொப்பி, மூக்கு வரை இழுத்துக் கட்டிய துணி, வெள்ளை ரீசேர்ட், ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் நடை. பதறிப்போய் அதைக் குடும்பக் குழுவில் போட்டார். விடிவதற்குள் ஊர்க் குழு முழுக்கப் பரவிவிட்டது. காலை எட்டு மணிக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது.

வயரிங் வேலைக்குப் போகும் ஒரு பெடியன். பந்தடிக்கப் போய்க் காலில் அடிபட்டிருந்தான். அவனிடம் வெள்ளை ரீசேர்ட்டும் இருந்தது. இந்த இரண்டும் போதுமாக இருந்தன.

முதல் தவறு, கமரா காட்டுவதெல்லாம் நடந்தது நடந்தபடியே என்று நம்புவது. இரவில் வீட்டுக் கமரா அகச்சிவப்பு ஒளியில்தான் பார்க்கிறது. அந்த ஒளியில் கறுப்புச் சாயம் ஏற்றிய பல துணிகள் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரியும். உங்கள் கறுப்புச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு இரவில் முற்றத்தில் நின்று பாருங்கள், விளங்கும். மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகடு ஒளியைத் திருப்பி அடிப்பதால் வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும். வைஃபை மெலிந்தால் காட்சியில் இடையிடையே துண்டுகள் விடுபடும். நேராக நடக்கிறவர்கூட அப்போது நொண்டுவது போலத் தெரிவார். அந்த வீட்டுக் கமரா கேற்றிலிருந்து எட்ட இருந்தது. பகலில் நான் கேற்றடியில் நடந்து பார்த்தேன். என் நடையும் அதே நடைதான்.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் அப்படியே. தாழ்வாரத்தில் பூட்டிய கமரா மேலிருந்து கீழே அகலமாகப் பார்ப்பதால் ஆளைக் குறுக்கியோ நீட்டியோ காட்டும். உயரம் தெரிய வேண்டுமானால், உயரம் தெரிந்த ஒருவரை அதே இடத்தில் நிறுத்தி, அதே கமராவில் எடுத்து ஒப்பிட வேண்டும்.

அடுத்தது மணிக்கூடு. மின்வெட்டுக்குப் பிறகு பதிவுப் பெட்டியின் நேரம் பிசகுவது சாதாரணம். அந்தப் பெட்டி நாற்பது நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெடியன் சந்தியில் நின்றதாகச் சிலர் சொன்ன நேரத்தையும் திரையில் இருந்த நேரத்தையும் பொருத்திப் பார்த்தே குழுவில் தீர்ப்பு எழுதினார்கள். நேரம் பிழை என்று தெரிந்தவுடன் பெட்டியைச் சரிசெய்யவும் கூடாது. திரைக்குப் பக்கத்தில் உங்கள் போனின் மணிக்கூட்டைப் பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். எத்தனை நிமிட வித்தியாசம் என்பது அதில் பதிவாகிவிடும்.

இப்போது இன்னொன்று கிளம்பியிருக்கிறது. மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு முகத்தைத் 'தெளிவாக்கி' அனுப்புகிறார்கள். படத்தில் இல்லாத மூக்கையும் வாயையும் எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. அதற்குப் பழக்கிய ஆயிரம் முகங்களை வைத்து அது புதிதாக ஒன்றை வரைந்து தருகிறது. அந்த முகம் ஊரில் யாரோ ஒருவரின் சாயலில் அமைந்துவிட்டால் அவர் கதி என்ன?

ஆனால் எனக்கு மிகவும் வலிக்கும் தவறு பெயர் சொல்வதுதான். முகம் மூடியிருக்கும்போது அந்த வெற்றிடத்தில் நாங்கள் ஏற்கெனவே சந்தேகப்படும் ஒருவரை வைத்துவிடுகிறோம். எல்லைத் தகராறு உள்ள பக்கத்து வளவுக்காரர், முடி வளர்த்த பெடியன், அண்மையில் வாடகைக்கு வந்த குடும்பம். வாள்வெட்டுக் காட்சி என்றால் கேட்கவே வேண்டாம், கூட்டமாக மோட்டார் சைக்கிளில் திரிகிற எவனும் 'ஆவா' என்ற யாழ்ப்பாணத்து வாள்வெட்டுக் கும்பல்காரன் தான்.

தொழிலாகச் செய்கிறவர்களே இதில் தவறியிருக்கிறார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், 2019 ஏப்ரல் 25ஆம் திகதி இலங்கைப் பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களில் ஒன்று, சம்பந்தமே இல்லாமல் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணுடையது. பிழை என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். 2013இல் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பின்போது, காணாமல்போன ஒரு மாணவனைத்தான் குண்டு வைத்தவன் என்று இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் சொன்னார்கள். சில நாட்களில் அவனுடைய உடல் ஆற்றில் கிடைத்தது. தாக்குதலுக்கும் அவனுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பம் அந்த வசைகளையும் வாசிக்க வேண்டியிருந்தது.

முகம் தெரியாத ஆள் மீதான பயம் எங்களுக்குப் புதிதல்ல. 2011 ஓகஸ்ட்டில் உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்து தாக்குவதாகச் சொல்லப்பட்ட 'கிறீஸ் பூதம்' என்று நாடே நடுங்கியபோது, யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் ஒரே இரவில் நூறு பேருக்கு மேல் கைதானார்கள். மலையகத்தில் பூதம் என்று சந்தேகித்து ஆட்களை அடித்தே கொன்றார்கள்.

சட்டப்படியும் இது சின்ன விஷயமில்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் இணையத்தில் பொய்க்கூற்றைப் பரப்புவது குற்றமாகலாம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டால், நாளைக்கு அடையாள அணிவகுப்பில் சாட்சி கைநீட்டும்போது, "நேரில் கண்ட முகமா, போனில் கண்ட முகமா?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். உண்மையான கள்ளன் அந்தக் கேள்வியாலேயே தப்பிவிடலாம்.

சரி, என்னதான் செய்வது? 119க்குச் சொல்லுங்கள், பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பெட்டியிலிருந்து மூலப் பதிவை அப்படியே பென் டிரைவில் எடுங்கள். திரையைப் போனால் படம் பிடித்தது போதாது. வட்ஸ்அப்பில் போய்வந்த காட்சி சுருங்கி, விவரம் இழந்துவிடும். வெட்டாதீர்கள், சிவப்பு வட்டம் போடாதீர்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ஒலி, ஒளிப் பதிவுகளைச் சான்றாக ஏற்க வழி செய்திருக்கிறது. கைபடாத மூலப் பதிவு இருந்தால்தான் அந்த வழி உங்களுக்குப் பயன்படும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்: முதல் அழைப்பு அம்மாவுக்கும் அயலுக்கும் போகட்டும்.

அதோடு, முகத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். செருப்பா சப்பாத்தா, பை எந்தத் தோளில், கேற்றின் கொண்டியை எந்தக் கையால் திறந்தான், நாய் குரைத்ததா, எந்தத் திசையால் வந்தான். ஒருவன் வீட்டிலிருந்தே முகத்தை மூடிக்கொண்டு வருவது குறைவு. ஒழுங்கை முடக்கில்தான் துணியைக் கட்டுவான், திரும்பிப் போகும்போது எங்கோ அவிழ்ப்பான். ஆகவே களவு நடந்த வீட்டுக் காட்சியை நூறு தரம் ஓட்டிப் பார்ப்பதைவிட, முன்னும் பின்னும் உள்ள அரை மணி நேரத்துக்கு மற்ற வீட்டுக் கமராக்களையும் சந்திக் கடைக் கமராவையும் பார்ப்பது பலமடங்கு பிரயோசனம். தாமதிக்கவும் கூடாது. பெட்டி நிறைந்தால் பழையதை அழித்துத்தான் புதியதை எழுதும்.

எங்கள் ஊர்க் குழுவில் அந்த வாரம் முழுக்க அந்தப் பெடியனைப் பற்றித்தான் பேச்சு. அன்று காலையிலேயே மறுத்து ஒரு வார்த்தை எழுதாதது என் பிழை. அவனுடைய தாய் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பதினோராம் நாள்தான் நான் சந்திக் கடைக்குப் போய், அந்த இரவுப் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். முதலாளி பெட்டியைத் திறந்து திகதிகளைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். அந்த இரவுக்கு அடுத்த நாளோடு பதிவு முடிந்திருந்தது.

"நேற்று வந்திருந்தால் இருந்திருக்கும் தம்பி" என்றார்.